தீர்வை இல்லாத சரக்கு

மக்னியா,
4 செப்டம்பர் 1994

அன்புள்ள யமீனாவுக்கு,

ஸலாம். இங்கே நானும் குழந்தையும் நலம். உன் முகத்தைக் காண்பது ஒன்று தவிர எங்களுக்கு வேறு குறை எதுவும் இல்லை. உன் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவைத் தையல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. சிஹாமுக்குத் தட்டம்மை இறங்கிவிட்டது. நெற்றியில் மட்டும் இரண்டு தழும்பு. நீ கிளம்பிய அன்று கொதித்த உடம்பு இப்போது முற்றத்தில் ஓடியாடுகிறது. என் அக்கா கெய்ரா வந்து தங்கிச் சமைத்துப் போடுகிறாள். குழந்தையைக் காய்ச்சலோடு கூட்டிப்போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நல்லதாகப் போயிற்று.

அடுத்தது எல்லை. எட்டு நாளில் திரும்புகிறேன் என்று எல்லை தாண்டி உன் அம்மாவைப் பார்க்கப் போனாய், ஆறாம் நாள் கதவைச் சாத்திவிட்டார்கள். நீ பதறியிருப்பாய். பதறாதே. நீ பிறந்த நாட்டு அரசு எங்கள் நாட்டவரிடம் விசா கேட்டது, எங்கள் அரசு கோபித்துக்கொண்டு எல்லையை மூடியது. அண்ணன் தம்பி சண்டை. முன்பு ஒரு முறை பன்னிரண்டு வருஷம் மூடிக் கிடந்தது உண்மைதான். ஆனால் அப்போது ஒன்றியம் இல்லை. இப்போது ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கையெழுத்தை யாரும் தின்று ஏப்பம் விட முடியாது. எங்கள் பொதுப் பட்டியல் கமிட்டி டிசம்பரில் துனிஸில் கூடுகிறது. ஒரே சரக்குக்கு ஐந்து நாட்டிலும் ஒரே எண், ஒரே சுங்கத் தீர்வை. அது முடிந்தால் சாவடிகளே அலங்காரத்துக்குத்தான். அதற்கு முன்னாலேயே, என் கணக்கில் மூன்று வாரத்துக்குள், நீ வீட்டில் இருப்பாய்.

சிஹாம் தினம் கேட்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
மிலூத்


வஜ்தா,
29 செப்டம்பர் 1994

மிலூதுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நம் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு அரை மணி நேரக் கார்ப் பயணம். கடிதத்துக்கு இருபத்தைந்து நாள் ஆயிருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று வாரம் உறையைப் பிரிப்பதற்கு முன்பே முடிந்துபோனது.

அம்மா நலம். நான் நலமில்லை.

“உன் முகத்தைக் காண்பது ஒன்று தவிர வேறு குறை இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் பள்ளிக்கூடத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிரான்சில் கூலி வேலை செய்யும் மாமாவுக்கு எழுதுவது எப்படி என்ற பாடத்தில் அது முதல் வரி. கட்டிய மனைவிக்கும் அதுதானா? இனி அதை எழுதாதீர்கள்.

இங்கே உங்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு நான்கு முறை போய்விட்டேன். என் கணவர் அங்கே, நான்கு வயது மகள் அங்கே என்றேன். குடியிருப்பு அட்டை எங்கே என்றார்கள். உள்ளே போக அட்டை காட்ட வேண்டுமாம். அட்டை வாங்க வேண்டுமென்றால் உள்ளே இருக்க வேண்டுமாம். ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் நல்ல மனிதர். “அஞ்சு வருஷம் அங்க குடித்தனம் பண்ணியிருக்கீங்க, ஒரு அட்டை வாங்கி வெச்சுக்கத் தோணலையாம்மா?” என்று கேட்டார்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சிஹாம் வயிற்றில் ஐந்து மாதம். அட்டைக்கு விண்ணப்பிக்க நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் சிரித்தீர்கள். “எதுக்கு இந்த அலைச்சல்? ரெண்டு வருஷத்துல அஞ்சு நாட்டுக்கும் ஒரே அட்டை வருது. மாதிரி அட்டை என் மேஜை டிராயர்லயே இருக்கு. வரிசையில நின்னு காலை ஒடிச்சுக்காத” என்றீர்கள். அந்த மாதிரி அட்டையில் என் படத்தை ஒட்டி, ஒன்றாம் எண் போட்டு, சகாக்களிடமெல்லாம் காட்டினீர்கள். நானும் பெருமைப்பட்டேன். முட்டாள்தனம் இருவருக்கும் பொது. ஆனால் மகளைப் பிரிந்து உட்கார்ந்திருப்பது நான்.

ஒரு வழி இருக்கிறது. எங்கள் தெருவுக்கு எல்லை தாண்டிக் கள்ளப் பெட்ரோல் கொண்டுவருகிற பூஜ்மா ஆட்களையும் கூட்டிப் போகிறான். சாவடிக்குத் தெற்கே, ஓடையைத் தாண்டி, கழுதைத் தடத்தில் ஒரு மணி நேரம். போன வாரம் இரண்டு டீச்சர்கள் அப்படிப் போய்ப் பிள்ளைகளிடம் சேர்ந்துவிட்டார்கள். நான் பிடிபட்டால் போவது சுங்க அதிகாரியான உங்கள் வேலை. அதனால்தான் கேட்கிறேன். சரி என்று ஒரு சொல் எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை. பூஜ்மாவின் கழுதைச் சேணத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். நாளை மறுநாள் உங்கள் கையில் இருக்கும்.

யமீனா


மக்னியா,
8 அக்டோபர் 1994

யமீனா,

உன் கடிதத்தை ஒரு பெட்ரோல் வியாபாரி என் வீட்டு வாசலில் வந்து கொடுத்தான். தெருவே பார்த்தது. பல்லைக் காட்டிக்கொண்டு, “சார், உங்களுக்கு ஒரு சரக்கு” என்றான். இருபத்திரண்டு வருஷமாக நான் பிடித்துக் கொடுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். கடிதம் முழுக்கப் பெட்ரோல் வாடை. மேஜையில் வைக்க முடியாமல் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

வேண்டாம், யமீனா. நீ அந்த வழியில் வரக் கூடாது.

என் வேலை போய்விடும் என்பதற்காக மட்டும் இல்லை. அதுவும்தான், மறைக்க மாட்டேன். ஆனால் நம் கல்யாணத்தை நினைத்துப் பார். ஒப்பந்தம் கையெழுத்தான வருஷம், ஆகஸ்டில், நாற்பது கார் ஹாரன் அடித்துக்கொண்டு எல்லையைத் தாண்டிவந்தது. என் சகாக்கள் தடுப்புக் கம்பத்தை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். உன் சீர்ப் பெட்டிகளுக்கு நானே படிவம் எழுதினேன். பதின்மூன்று இனம். பதினான்காவதாக அந்தக் குறும்புக்காரன் லக்தர், “மணமகள் ஒன்று, தீர்வை இல்லை” என்று எழுதி முத்திரை குத்தினான். பகல் வெளிச்சத்தில், ராஜபாட்டையில், முத்திரையோடு வந்தவள் நீ. உன்னைப் பெட்ரோல் டின்னோடு டின்னாகக் கழுதை முதுகில் வரவழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டியலில் இருபத்தேழாம் அத்தியாயம் எரிபொருள். என் மனைவி இருபத்தேழாம் அத்தியாயம் அல்ல.

டிசம்பர் வரை பொறு. மந்திரியின் காரியதரிசிக்கு எழுதியிருக்கிறேன். துனிஸ் கூட்டத்தில் குடும்பங்கள் விஷயத்தை எடுப்பதாக வாய்மொழியாகச் சொன்னார்கள்.

சிஹாமின் தலைமுடியைக் கெய்ரா கத்தரித்துவிட்டாள். பேன். நீ வளர்த்த முடி என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கொஞ்சம் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மிலூத்


வஜ்தா,
6 நவம்பர் 1994

கமிட்டிக்காரருக்கு,

உங்கள் பதில் தபாலில் வந்தது. பெட்ரோல் வாடை இல்லை. இருபத்தொன்பது நாள் பழையது. முடியைக் கத்தரித்தது எனக்குத் தெரிவதற்குள் அது மறுபடி வளர்ந்திருக்கும்.

நேற்று அம்மாவுக்குப் பேரீச்சம்பழம் வாங்கினேன். உங்கள் பாலைவனத்துப் பழம்தான், பெட்டியில் மர்சேய் முத்திரை. கப்பலேறிக் கடலைத் தாண்டி, பிரான்சில் பெட்டி மாற்றி, மறுபடி கடலைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்கே வந்திருக்கிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்று நீங்கள்தான் விருந்தாளிகளிடம் சொல்வீர்கள். எல்லோருக்கும் ஐரோப்பாவுக்கு விற்கத்தான் ஆசை, அண்டை வீட்டுக்காரன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பீர்கள். அழகாகப் பேசுவீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் இங்கே கண்ணால் பார்க்கிறேன். உங்கள் ஒன்றியம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் பெட்ரோலும் ரவையும் பால் பவுடரும் இங்கே வருகின்றன. எங்கள் தக்காளியும் செருப்பும் துணியும் அங்கே போகின்றன. விசா கிடையாது, ஐந்து நகல் படிவம் கிடையாது. பூஜ்மாவின் கழுதைகள் ஆள் துணைகூட இல்லாமல், வழி பழகி, தாமாகவே போய்விட்டு வருகின்றன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நீங்கள் ஐந்து வருஷம் ஓட்டல்களில் உட்கார்ந்து எழுதியது ஏட்டுச் சுரைக்காய். அந்தக் கழுதைக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லை, உங்கள் கௌரவம் குறைந்துவிடும் என்பதால்.

வேண்டாம் என்றீர்கள், கேட்கிறேன். டிசம்பர் வரை பொறுக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். சிஹாமை ஒரு தாளின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். குளிர் வருகிறது. அவளுக்கு இங்கேயிருந்து செருப்பு வாங்கி அனுப்புகிறேன். கழுதையில்தான் வரும். செருப்புக்காவது உங்கள் சட்டம் இடம் கொடுக்கட்டும்.

யமீனா


மக்னியா,
12 ஜனவரி 1995

யமீனா,

இதை எந்தத் தாளில் எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார். பொதுச் சரக்கு அறிவிப்புப் படிவம். எங்கள் கமிட்டியின் மூன்றாண்டு உழைப்பு. சாவடியில் இருபது கட்டு அச்சடித்து வந்து கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளை, நல்ல தாள். சிஹாம் இதில்தான் படம் வரைகிறாள். இனி நானும் இதிலேயே எழுதுவேன்.

டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை. தேதி பிறகு அறிவிக்கப்படும் என்று ஒரு வரி வந்தது. நான் காரியதரிசிக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நானே விமானத்தில் அங்கே வருவதற்கு அனுமதி கேட்டேன். அரசு ஊழியர், அதுவும் சுங்கம், இந்த நேரத்தில் அந்த நாட்டுக்கா என்று மேலதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். விண்ணப்பம் தலைநகரத்துக்குப் போயிருக்கிறது. அங்கே இப்போது உள்நாட்டுச் சண்டையில் தினம் குண்டு வெடிக்கிறது, யார் இதைப் பிரித்துப் படிப்பார்கள்?

இருந்தாலும் காலை எட்டு மணிக்குச் சாவடிக்குப் போகிறேன். கார் இல்லை, லாரி இல்லை. முத்திரையைத் துடைத்து, மை காயாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடி வைக்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊர் அதிகாரியும் அதையே செய்கிறார். முன்பெல்லாம் டீ கொடுத்தனுப்புவார். இப்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

நீ புத்தாண்டுக்கு மறுநாள் தபாலாபீஸுக்கு ஃபோன் செய்தாயே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிஹாம் கூச்சத்தில் பேசவில்லை என்றேன். அது பொய். “உம்மா பேசறாங்க, பேசு” என்று ரிசீவரைக் காதில் வைத்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டுக் கெய்ராவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். “உம்மா இங்கதான இருக்காங்க” என்றாள். கெய்ராவைத்தான் சொன்னாள். கெய்ரா அவளைக் கூப்பிட்டு, நான் அத்தை, அத்தை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுக்களையில் போய் அழுதாள். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று பத்து நாளாகப் போராடி இப்போது எழுதிவிட்டேன்.

பாதத்தின் படம் இன்னொரு படிவத்தின் பின்பக்கம், இதோடு வைத்திருக்கிறேன். கூச்சம் தாங்காமல் விரலை மடக்கிவிட்டாள். சுண்டுவிரல் ஓரம் சரியாக வரவில்லை.

இதைப் பூஜ்மாவின் ஆளிடம் கொடுக்கிறேன். நானே தேடிப் போய்.

மிலூத்


வஜ்தா,
16 ஜனவரி 1995

மிலூதுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

கெய்ராவிடம் சொல்லுங்கள், எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. இதை எழுத எனக்கு ஒரு நாள் ஆனது. நேற்று எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பிள்ளை கூப்பிட்டால் ஒருத்தர் என்னவென்று கேட்க வேண்டும். அவர் கேட்கிறார்.

நான் விட்டு வந்த பாதம் என் உள்ளங்கைக்குள் அடங்கும். நீங்கள் அனுப்பிய பாதம் அடங்கவில்லை. அதன் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். செருப்பு அனுப்பியிருக்கிறேன், சிவப்பு, உள்ளே கம்பளி வைத்தது. கொஞ்சம் பெரிதாகவே வாங்கினேன். வளர்ந்துகொண்டிருக்கிறாள் அல்லவா.

சிறு வயதில் அம்மாவோடு நான் எடுத்துக்கொண்ட ஒரு படமும் வைத்திருக்கிறேன். சிஹாமுக்குக் காட்டாதீர்கள், உங்களுக்குத்தான். அவள் இப்போது என் ஜாடையா என்று பார்த்து எழுதுங்கள்.

யமீனா


மக்னியா,
4 மார்ச் 1995

என் யமீனா,

பெருநாள் வாழ்த்து என்று எழுதினால் மறுபடி பாடப்புத்தகம் என்பாய். நேற்றைய பெருநாளை எப்படியோ கழித்தோம்.

செருப்பு நல்லபடியாக வந்து சேர்ந்தது. வந்ததிலிருந்து சிஹாம் அதைப் போட்டுக்கொள்ள மறுக்கிறாள். படுக்கைக்கு எடுத்துப் போகிறாள். ஏன் என்று விளங்கவில்லை. பெருநாள் காலையில் கெய்ரா கட்டாயப்படுத்திப் போட்டுவிடப் பார்த்தாள். சிஹாம் செருப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, “தெருவுல போட்டா உம்மா வாசம் போயிடும்” என்றாள். நான் வாங்கி முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல்.

உன் கடிதங்களும் அப்படித்தானே வந்தன. ஒவ்வொன்றையும் அவள் கையில் கொடுத்து, உம்மா அனுப்பியது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு அதுதான் நீ.

யமீனா, நான் தப்புச் செய்துவிட்டேன். அக்டோபரில் நீ கேட்டபோது சரி என்று ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும். அட்டை வேண்டாம் என்றவனும் நான், வழி வேண்டாம் என்றவனும் நான். இரண்டு முறையும் ஒரு தாளை நம்பி உன்னைத் தடுத்தேன். அந்தத் தாளில்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வா. கழுதையில் வா, நடந்து வா, எப்படியாவது வா. வேலை போனால் போகட்டும். ஓடைக்கு இந்தப் பக்கம் கெய்ராவின் மாமனார் பண்ணை இருக்கிறது, பூஜ்மாவுக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையிலிருந்து நான் அங்கே காத்திருப்பேன். பெட்டி எதுவும் கொண்டுவராதே. உன் உடம்பு வந்தால் போதும்.

மிலூத்


வஜ்தா,
11 மார்ச் 1995

மிலூதுக்கு,

வியாழன் முழுக்கப் பண்ணையில் நின்றிருப்பீர்கள். நான் வரவில்லை என்பது அன்று மாலையே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த உடனே பழுப்பு ஜெல்லாபாவை, என் அந்த நீள அங்கியைத் துவைத்துக் காயப்போட்டேன். அம்மா வழிக்கு ரொட்டி சுட்டார். விடிந்ததும் பூஜ்மாவின் கொட்டிலுக்குப் போனேன். கழுதைகளுக்கு டின் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கட்டுவதை நிறுத்திவிட்டான். ஆட்களை இனி கூட்டிப்போவதில்லை என்றான். பிப்ரவரி மழையில் ஓடையில் வெள்ளம் வந்து, அவன் கூட்டிப்போன ஒரு பெண்ணை அடித்துப் போய்விட்டது. கழுதை கரையேறிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி ஆள் நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் விடவில்லை. மகளைப் பற்றிச் சொன்னேன். அவன் காலைப் பிடிக்காத குறை. அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பெட்ரோல் போச்சுன்னா யாரும் என் வாசல்ல வந்து அழ மாட்டாங்க அம்மா. அந்தப் பொண்ணோட புருஷன் தினம் வந்து உக்காந்துட்டுப் போறான். என்னால இன்னொருத்தரைப் பார்க்க முடியாது. அக்டோபர்ல கேட்டீங்களே, அப்பவே வந்திருக்கலாமே. அப்ப தண்ணி கணுக்கால் அளவுகூட இல்ல.”

இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எழுதாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். ரொட்டியைக் கழுதைகளுக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

இனி ஒரே ஒரு வழிதான் மிச்சம். பைன்-லஜ்ராஃப். சயீதியா போகிற சாலையில், ஓடைக்கு இரண்டு பக்கமும் பாறை உயர்ந்து நிற்கிற இடம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு ஊர்ச் சனமும் அங்கே போய் எதிரெதிரே நிற்கிறதாம். அறுபது எழுபது அடி இருக்கும். கத்தினால் கேட்குமாம், காற்று இல்லாவிட்டால் முகம்கூடத் தெரியுமாம். ஏப்ரல் ஏழாம் தேதி வெள்ளி, தொழுகைக்குப் பிறகு வருகிறேன். அவளைக் கூட்டி வாருங்கள். நான் பழுப்பு ஜெல்லாபாவில் இருப்பேன், சிஹாம் அதன் மேல் படுத்துத் தூங்குவாளே, அது.

யமீனா


மக்னியா,
8 ஏப்ரல் 1995

என் யமீனா,

பார்த்துவிட்டோம். அல்லாஹ்வுக்கு நன்றி. நீ இளைத்திருக்கிறாய். உன் அம்மா உனக்குச் சோறு போடுகிறாரா இல்லையா?

சிஹாம் உன்னைக் கண்டுகொண்டாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன், உம்மா அந்தப் பக்கம் நின்று கை ஆட்டுவாள் என்று. என் தோளில் ஏறி உட்கார்ந்ததும் கையை ஆட்ட ஆரம்பித்தவள், கிளம்பும் வரை நிறுத்தவில்லை. நீயும் பார்த்திருப்பாய். காற்று பாழாய்ப்போனது, நீ கத்தியது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது காரில், “உம்மா அழகு” என்றாள். கெய்ராவிடமும் போய்ச் சொன்னாள். சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்ததைக் கவனித்தாயா? தானே கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

மனத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போல இருக்கிறது. மே ஐந்தாம் தேதியும் வெள்ளிதான். மறுபடி வருகிறோம்.

மிலூத்


வஜ்தா,
13 ஏப்ரல் 1995

மிலூதுக்கு,

உங்களுக்குப் பொய் எழுத வராது. படிவம் நிரப்பியே பழகிய கை. ஆனாலும் எழுதினீர்களே, அதற்கு நன்றி.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கை ஆட்டியது எனக்கு இல்லை. எனக்கு இடப்பக்கம், பாறை விளிம்பில், மஞ்சள் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாளே, அவளுக்கு. நீங்கள் பிள்ளையின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினீர்கள். இரண்டு தரம். இரண்டு தரமும் அவள் மஞ்சள் பக்கமே திரும்பிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? உம்மா கை ஆட்டுவாள் என்று சொல்லிக் கூட்டி வந்தீர்கள். அந்தப் பெண்தான் கை ஆட்டினாள். எனக்குக் கை எழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். எட்டு மாதமாக அந்த நிமிஷத்துக்கு ஒத்திகை பார்த்தவள், நேரம் வந்தபோது கை ஆட்ட மறந்துபோனேன்.

அந்தப் பெண் அஹ்ஃபீர் ஊரைச் சேர்ந்தவள். உங்கள் பக்கம் நிற்கிற தம்பியைப் பார்க்க வந்தாளாம். சிவப்புச் செருப்புப் போட்ட ஒரு பிள்ளை தனக்குக் கை ஆட்டுகிறதே என்று இவளும் சிரித்துக்கொண்டே ஆட்டியிருக்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. சட்டென்று கையை இறக்கிக்கொண்டு, “தெரியாமப் பண்ணிட்டேன் அக்கா, மன்னிச்சுடுங்க” என்றாள். பிள்ளை அங்கே கை ஆட்டிக்கொண்டே இருந்தது. “கையை இறக்காதம்மா, அவ ஏமாந்துபோயிடுவா” என்றேன். நீங்கள் கிளம்பும் வரை அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டே ஆட்டினாள். தம்பியோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

உம்மா அழகு என்றாளாமே. உண்மைதான், அந்தப் பெண் அழகுதான். சின்ன வயது.

நீங்கள் தப்பு, நான் தப்பு என்று இனி எழுத வேண்டாம். அது தீராது. உங்கள் கமிட்டி என்றைக்காவது மறுபடி கூடினால், அந்தப் பட்டியலில் எங்களுக்கும் ஒரு எண் போடச் சொல்லுங்கள். தக்காளிக்கு இருக்கிறது, செருப்புக்கு இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருவர் முகத்தையும் காண்பது ஒன்று தவிர வேறு குறை இல்லை. பாருங்கள், நானும் எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு இதன் அர்த்தம் தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிஹாமிடம் எதையும் திருத்தாதீர்கள். அது உம்மா இல்லை, பக்கத்தில் பழுப்பில் நின்றதுதான் உம்மா என்று சொல்லிக் குழப்பாதீர்கள். அவள் ஒரு உம்மாவைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். இருக்கட்டும்.

மே ஐந்தாம் தேதி அதே நேரத்துக்கு வாருங்கள். நான் இடப்பக்கம், அந்தப் பாறை விளிம்பிலேயே நிற்கிறேன். இன்று சந்தையில் மஞ்சள் முக்காடு வாங்கிவிட்டேன்.

யமீனா